ஊருக்கு அனுப்பி வைத்தோம்

சங்கத்துக் காரியதரிசிப் பதவி எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என்னுடைய சேவை மனப்பான்மை அல்ல, கையெழுத்துதான். துறைமுகத்தருகே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டத்தில் யாரோ என் பெயரைச் சொல்ல, யாரோ அதை ஆமோதிக்க, நான் வாயைத் திறப்பதற்குள் கை தட்டிவிட்டார்கள். தலையில் கட்டினார்கள் என்று சொல்வதுதான் பொருத்தம். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, “சம்பளம் உண்டா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப சோறு மட்டும் இங்க வந்து சாப்பிடுவீங்க, அப்படித்தானே?” என்று கேட்டாள்.

பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில், ட்ராம் ஓடும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடுதான் எங்கள் சங்கம். முன்கூடத்தில் இரண்டு பெஞ்சுகள், தலைவருக்கு ஒரு கை வைத்த நாற்காலி. பின்கட்டில் ஒரு கிணறும், மழைக்கு ஒழுகும் தகரக் கொட்டகையும். வெளியே தெரிந்த வேலைகள் சில உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல், தீபாவளிக்கு ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குப் பலகாரம், தை பிறந்ததும் ஆண்டு விழா. ஆண்டு விழாவில் தலைவர் பேசுவார். வக்கீல் ஆபீசில் பல காலம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோர்ட்டில் வக்கீல்கள் பேசியதை எல்லாம் கேட்டுக் கேட்டு, தான் பேச வேண்டியதைச் சேர்த்து வைத்திருந்தார் போலும். சீர்திருத்தம் என்று ஆரம்பித்தால் எங்களுக்குக் காது புளித்துவிடும்.

வெளியே தெரியாத வேலை ஒன்றும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் கேட்பாரில்லாமல் செத்துப்போகும் தமிழர்களை எடுத்து வந்து அடக்கம் செய்வது. உண்மையில் சங்கம் அதற்காகத்தான் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்லும். சாதி கேட்காமல் நாலு பேர் போவோம். பெரும்பாலும் ஒற்றையாகக் கப்பலேறி வந்த ஆண்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். ஊருக்குப் போகவேண்டும், ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் கிடந்து முடிந்துபோனவர்கள்.

எங்கள் துணைத்தலைவர் மளிகைக்கடைக்காரர், இளகிய மனசுக்காரர். குளிப்பாட்டி, கோடி வேட்டி கட்டி, தூக்குவதற்கு முன்னால் அவர் குனிந்து பிணத்தின் காதருகே, “வாய்யா, ஊருக்குப் போவோம்” என்பார். நாளடைவில் அதுவே சங்கத்துப் பேச்சாகிவிட்டது. செத்தான், பிணம், பாடை என்ற சொற்கள் எங்கள் கூடத்தில் புழங்குவதில்லை. “இன்னைக்கு ஒருத்தரை ஊருக்கு அனுப்பணும் தம்பி, சாயங்காலம் வந்துருங்க” என்று கடைப்பையன் மூலம் சொல்லி அனுப்புவார். நானும் ஆபீஸ் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுக்கப் போய்விடுவேன். சுருக்கமாகச் சொன்னால், எங்களுக்கு ஊர் என்றால் அந்த ஆறடிக் குழிதான்.

இது ஒரு தொந்தரவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. ரப்பர்க் கித்தா விலை விழுந்த அந்த வருஷம் வரைக்கும்.

அந்த வருஷத்து முதல் வேலையாகிய தண்ணீர்ப் பந்தல் வழக்கம்போல முடிந்தது. மோர் புளித்துவிட்டதென்று ஒரு சண்டை, பந்தல் துணியில் யார் பெயரை முதலில் எழுதுவது என்று ஒரு சண்டை. பங்குனியில் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். கடலுக்கு அக்கரையில் இருந்த ரப்பர் தோட்டங்களில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். வேலை போனவர்களைச் சர்க்கார் செலவில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று பேச்சு வந்ததும், பாயும் தகரப் பெட்டியுமாகக் குடும்பம் குடும்பமாகப் பினாங்குக் கரையில் வந்து இறங்கினார்கள். கப்பல் வரும் வரைக்கும் கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். சங்கத்துப் பின்கட்டில் அடுப்பு மூட்டினோம், காலையிலும் மாலையிலும் கஞ்சி ஊற்றினோம். சீட்டு வாங்கித் தருவது, மூட்டையில் பெயர்த் துண்டு கட்டுவது, வழி தெரியாதவர்களைத் துறைமுகம் வரை கூட்டிப்போய் ஏற்றிவிடுவது எல்லாம் எங்கள் வேலையாயின. நான் பகலெல்லாம் கப்பல் கம்பெனியில் அதே ஜனங்களின் பெயரை எழுதிவிட்டு, மாலையில் சங்கத்துக்கு வந்து அதே ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றினேன். கனவில் கூடத் தகரப் பெட்டிகள் வந்தன.

இப்படியாக அந்த வருஷம் நாங்கள் இரண்டு விதமான ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். சொல் ஒன்றுதான். அதில் ஒரு ஆபத்து இருக்கிறதென்று படித்தவனான எனக்கும் தோன்றவில்லை, படிக்காதவர்களுக்கும் தோன்றவில்லை. ஓய்ந்து உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது?

ஆனி மாதம் என்று நினைக்கிறேன், ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அவள் புருஷன் காலில் புண்ணோடு அக்கரைத் தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து கிடந்தவன். கூட வர அவளுக்குத் தோட்டத்தில் லீவு கொடுக்கவில்லை. பிறகு அவள் வேலையும் போயிற்று. படகேறி ஆஸ்பத்திரிக்கு வந்தால் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். வார்டு ஆள் மலாய்க்காரன். “சங்கம் சுடா அம்பில்” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சங்கம் கொண்டுபோய்விட்டது என்று அர்த்தம். உண்மைதான். கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். புண் உடம்பெல்லாம் ஏறி அவன் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

அவள் வந்தபோது நான் ஆபீசில் இருந்தேன். துணைத்தலைவர் தனியாகக் கூடத்தில் இருந்திருக்கிறார். நடந்த பேச்சை அவர் அன்று மாலையே எனக்குச் சொன்னார், வெகு நாள் கழித்து அவளும் சொன்னாள். இருவர் சொன்னதிலும் ஒரு வார்த்தை வித்தியாசம் இல்லை.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு எங்க? ஆஸ்பத்திரில சங்கம் கொண்டு போயிருச்சின்னு சொல்றாங்க.”

“உக்காரும்மா தங்கச்சி. மொதல்ல தண்ணி குடி.”

“எங்கண்ணே அவரு?”

“ஊருக்குப் போயிட்டாரும்மா. நாங்கதான் நல்லபடியா அனுப்பி வச்சோம். ஒரு கொறையும் வைக்கல.”

“என்னைய ஒரு வார்த்த கேக்காமலா?”

“பாத்தோம்மா, யாரும் வரல. அதுக்கு மேல ஆஸ்பத்திரில வச்சிருக்க மாட்டாங்கல்ல.”

“என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“பேசுற நெலமையில இல்லம்மா.”

அவர் சொன்னது ஒன்று, அவள் கேட்டது ஒன்று. பேசுகிற நிலைமையில் இல்லை என்றதும், கடைசியில் கள்ளைக் குடித்துவிட்டுத்தான் கப்பலேறியிருக்கிறான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். எழுந்து வாசலுக்குப் போய், தெருவில் இறங்கி, துறைமுகம் இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். “விட்டுட்டுப் போயிட்டியே பாவி, நீ வெளங்குவியா” என்று கத்தினாள். நம் பெண்கள் செத்த புருஷனைப் பார்த்து அழும்போது சொல்கிற அதே வார்த்தைகள். துணைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “துக்கம் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தினுசா வரும் தம்பி” என்று என்னிடம் சொன்னார்.

அவளுக்குப் போக இடம் இல்லை. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் தோட்டத்துக் கூலி லயத்தில்தான். இந்தியாவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அப்பன் ஆத்தாள் இருவரும் தோட்டத்து மண்ணிலேயே போய்விட்டார்கள். கஞ்சி அடுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கேயே இரு தங்கச்சி என்றார் துணைத்தலைவர். இருந்தாள். பின்கட்டுக் கொட்டகையில் ஒரு மூலையைச் சாக்குத் துணியால் மறைத்துக்கொண்டாள்.

அவள் வேலையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் ஓயாது. கஞ்சி கிண்டும்போதெல்லாம் புருஷனைத் திட்டுவாள். “அங்க போயி எவ கையால திங்கிறியோ” என்பாள். “கால்ல புண்ணு, கால்ல புண்ணுன்னு ராவெல்லாம் எந்திரிச்சி வெந்நி வச்சி ஊத்தினனே, அந்தக் கால வச்சிக்கிட்டே ஓடிட்டியே” என்பாள். செத்தவன் மேலே இவ்வளவு கோபமா என்று எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மேலுலகத்தில் எவள் கையால் சாப்பிடுவான் என்று எங்களில் ஒருவர் சந்தேகம் எழுப்பினார். துக்கத்தில் புத்தி சற்றுப் பேதலித்திருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று பேசி முடித்தோம். அவளிடம் போய் யாரும் அவன் சாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. துக்கக்காரியிடம் அதைப் பேசக்கூடாது, அதுதான் மரியாதை என்று நினைத்தோம். எங்கள் மரியாதை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்பது தெரியாது.

பிரச்சினை பொட்டில் ஆரம்பித்தது.

புருஷன் போன பிறகும் பொட்டும், மஞ்சள் கயிறும், கிடைத்த நாளில் பூவுமாக ஒரு பெண் சங்கத்தில் கஞ்சி ஊற்றுகிறாள் என்று கோயில் பக்கத்துப் பெண்களிடையே பேச்சு எழுந்தது. சிலர் தலைவர் வீட்டுக்கே போய் முறையிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் சங்கடப்பட்டிருப்பார்கள். தலைவருக்கோ கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் ஆகிவிட்டது. இத்தனை வருஷம் மேடையில் பேசிய சீர்திருத்தம், சொந்தப் பின்கட்டில், ஒரு தோட்டத்துப் பெண்ணின் நெற்றியில் வந்து நிற்கிறது! உடனே ரிக்‌ஷா பிடித்து வந்தார். அடுப்படிக்கு நேரே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அம்மா, யார் என்ன சொன்னாலும் நீங்க பொட்டை அழிக்கக்கூடாது. சங்கம் உங்க பின்னால நிக்குது.”

அவள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நான் எதுக்குய்யா அழிக்கணும்? தப்புப் பண்ணது அவன்தானே?”

தலைவர் மெய்சிலிர்த்துப்போனார். தப்புச் செய்தது எமன் என்று அவள் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வாசகத்தை எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. எழுத்தறிவில்லாத ஒரு சகோதரி விதியையே குற்றக்கூண்டில் ஏற்றினாள் என்பார். கமிட்டியில் இரண்டு கட்சிகள் உண்டாயின. பொட்டு இருக்கலாம் என்று ஒன்று, சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்று ஒன்று. ஒரு கூட்டத்தில் நாற்காலி உருண்டது. இரண்டு பேர் ராஜிநாமாச் செய்தார்கள், அதில் ஒருவர் அடுத்த வாரமே வந்து தன் டம்ளரில் டீ கேட்டார். நான் எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதி வைத்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அஞ்சடியில் குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தன, உள்ளே நாங்கள் ஒரு பொட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அலுத்துப்போய்விட்டது. மனிதர்களே அலுத்துப்போய்விட்டார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடிப்போன ஒருவனுக்காகத் தான் ஏன் பொட்டை அழிக்க வேண்டும், அதை வைத்திருப்பதற்கு ஏன் ஒரு ஐயா ரிக்‌ஷாவில் வந்து கும்பிட வேண்டும் என்று யோசித்திருப்பாள். பட்டணத்து ஜனங்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாளாம்.

தீபாவளி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பலகாரம் கொண்டுபோனோம். கார்த்திகையிலும் கப்பல்கள் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போயின. என் இடது தோள் ஓயாமல் வலித்தது. கஞ்சி குடித்தவர்களில் கப்பல் வரைக்கும் போய்ச் சேராதவர்களும் உண்டு. மனைவி எண்ணெய் தேய்த்துவிடுவாள். “ஊரையெல்லாம் ஊருக்கு அனுப்புறீங்களே, நாம எப்ப போறது?” என்று ஒரு நாள் கேட்டாள். அவள் எந்த ஊரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மார்கழிக் கடைசியில் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த வாரம் ஆண்டு விழா. அந்தப் பெண்ணை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, புடவை கொடுத்து, மாலை போட வேண்டும் என்றார். “பொட்டு நல்லாத் தெரியறாப்பல லைட்டு வைக்கச் சொல்லுங்க” என்று வேறு சொன்னார். போய் அவள் சம்மதத்தைக் கேட்டு வருவது என் வேலை.

மாலையில் பின்கட்டுக்குப் போனேன். அவள் அடுப்பருகே இல்லை. சாக்குத் துணியை விலக்கி வைத்துவிட்டுத் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, மூட்டை கட்டுறீங்க?”

“வர்ற கப்பல்ல போறேன்யா. இனிமே சும்மா ஏத்த மாட்டாங்களாம்லா, இதுதான் கடைசின்னு பேசிக்கிறாங்க. அண்ணன்கிட்ட நாளைக்குச் சீட்டுக் கேக்கணும்.”

“அங்க உங்களுக்கு யாரும்மா இருக்கா?”

“அவன்தான் இருக்கானே.”

பேச்சு வழக்கில் ஏதோ சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள்.

“வந்து கூப்புடுவான், ஆள் விட்டாவது சொல்லுவான்னு இத்தன நாளு பாத்துட்டேன். மானம் கெட்டவன், வர மாட்டான். நானே போறேன். நாகப்பட்டணத்துல எறங்கி அவன் ஊர்ப் பேரச் சொன்னா வழி காட்ட மாட்டாங்களா? சண்டைக்குப் போகலய்யா. எதுக்குடா என்னைய விட்டுட்டுப் போனேன்னு ஒரே ஒரு வார்த்த கேக்கணும். அத கேக்காம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.”

இவளுக்குத் தெரியாது. இத்தனை மாதமாக இவளுக்குத் தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து கண்ணில் காணாத ஒரு தேசத்தில், கையில் ஒரு மூட்டையோடு, செத்துப்போன ஒருவனைத் தேடி வீடு வீடாக இவள் கேட்டுக்கொண்டு போவாள். திரும்பி வரக் கப்பல் கிடையாது. சீட்டு வாங்கிக் கொடுத்து ஏற்றிவிடப்போவதும் நாங்கள்தான்.

முன்கூடத்துக்கு வந்தேன். துணைத்தலைவர் அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்தம்மா வந்த அன்னைக்கு நீங்க என்ன வார்த்தை சொன்னீங்க?”

“ஏன் தம்பி, வழக்கமாச் சொல்றதுதான். ஊருக்கு அனுப்பிட்டோம்னு.”

“செத்துட்டாருன்னு சொன்னீங்களா?”

“அந்த வார்த்தய நான் எப்ப தம்பி சொல்லியிருக்கேன்?”

“அவங்க அவரத் தேடி நாகப்பட்டணத்துக்குக் கப்பலேறப் போறாங்கண்ணே.”

அவர் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பேசிய பேச்சையெல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேசுகிற நிலைமையில் இல்லை என்ற இடத்துக்கு வந்திருப்பார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

இருவரும் பின்கட்டுக்குப் போனோம். அவர் அவள் முன்னால் நின்று, “தங்கச்சி” என்றார். அதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று யோசித்தால் நானும் அவரைப்போல நின்றுவிடுவேன் என்று பயந்து நேரடியாகச் சொன்னேன்.

“அம்மா, உங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு.”

“எப்ப? தகவல் வந்துச்சா?”

“இல்லம்மா. அப்பவே. ஆஸ்பத்திரிலயே. நாங்கதான் தூக்கிட்டுப் போயி அடக்கம் பண்ணினோம். நானும் தோள் கொடுத்தேன்.”

“ஊருக்கு அனுப்பினேன்னு சொன்னீங்களேண்ணே?”

“நாங்க அப்படித்தாம்மா சொல்லுவோம்” என்றார் துணைத்தலைவர். குரல் உடைந்துவிட்டது. “அனாதையாப் போறவங்கள அப்படிச் சொல்லித்தாம்மா தூக்குவோம். மனசு கேக்காமச் சொல்றது. ஒனக்கு வெளங்கியிருக்கும்னு நெனச்சேன்.”

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப அவரு கப்பல் ஏறலையா?”

“இல்லம்மா.”

“அப்ப என்னைய விட்டுட்டுப் போகல.”

இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. மூட்டையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை, “என்னைய விட்டுட்டுப் போகல” என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அது வந்தபோது நாங்கள் இருவரும் செய்ய ஒன்றுமில்லாமல் கிணற்றடியில் போய் நின்றோம். கஞ்சி அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை அடித்தது. போய் இறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அவளை அடக்க இடத்துக்குக் கூட்டிப்போனோம். லாலாங் புல் இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்தது. துணைத்தலைவர் புல்லை விலக்கிக்கொண்டு போய் ஒரு மேட்டைக் காட்டினார். அவள் உட்கார்ந்து கையாலேயே புல்லைப் பிடுங்கினாள். என்ன உடுத்தி அனுப்பினீர்கள் என்று கேட்டாள். கோடி வேட்டி என்றார். கால் புண்ணுக்குத் துணி சுற்றினீர்களா என்று கேட்டாள். சுற்றினோம் என்றேன். உண்மையிலேயே சுற்றியிருந்தோம். பிறகு அவள் குனிந்து, எங்களுக்குக் கேட்க வேண்டாம் என்று நினைத்தோ என்னவோ, மெல்லப் பேசினாள். “திட்டினதெல்லாம் மனசுல வச்சிக்காத. எனக்கு யாரும் சொல்லல” என்றாள். பொட்டை அழி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. முந்தானையால் அவளே துடைத்துக்கொண்டாள்.

தலைவருக்குச் செய்தி சொல்ல நான் போனேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “விழா முடியற வரைக்கும் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

எனக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் வருகிறது. “ஐயா, கப்பல் விழாவுக்கு முன்னாடியே போயிடும்” என்று மட்டும் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மழைக்காலம் முழுக்கக் கஞ்சிக்கு அரிசி அனுப்பியவர் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு பெண்ணைத் தெரியாது, அவள் நெற்றியைத்தான் தெரியும். ஆண்டு விழாவில் எப்படியும் பேசினார். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரி என்று ஆரம்பித்து, விதியைக் குற்றக்கூண்டில் ஏற்றினார். கை தட்டினார்கள். அந்தச் சகோதரி பின்கட்டில் வந்தவர்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அவள் புருஷனைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன எங்களுக்கு, அந்த அடுப்படி ஆளில்லாத இடம் மாதிரி இருந்தது.

அந்த ஆண்டு விழாக் கூட்டத்திலேயே நான் ராஜிநாமாச் செய்தேன். என் கையெழுத்தைப் புகழ்ந்துவிட்டு மறுபடியும் என்னையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவள் கப்பலேறவில்லை. கப்பல் போன நாளில் அவள் கேட்டது ஒன்றுதான். “அண்ணே, இனிமே யாரும் வந்து கேட்டா, செத்துட்டாருன்னே சொல்லுங்க. கேக்குறவங்களுக்கு நெஞ்சு வெடிச்சாலும் பரவால்ல” என்றாள். துணைத்தலைவர் தலையை ஆட்டினார்.

தைப்பூசம் கழிந்தும் தண்ணீர்ப் பந்தல் மூங்கில்களை இன்னும் எடுத்து வைக்கவில்லை. ஒரு காலையில் ஆபீசுக்குப் போகும் வழியில் அலமாரிச் சாவியைக் கொடுக்கச் சங்கத்தில் நுழைந்தேன். அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்த ஒரு பெரியவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்கப் பினாங்குக்கு வந்த மகனைத் தேடி வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சங்கத்தைக் கேட்கச் சொன்னார்களாம். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நாங்கள் எடுத்துப்போன ஆள்தான் அது. துணைத்தலைவர் அவர் எதிரே நின்றார்.

“உக்காருங்கய்யா… தண்ணி குடிக்கிறீங்களா… உங்க மகன் வந்து… அவரு…”

உதடு அசைந்தது, சொல் வரவில்லை. பழைய சொல்தான் அவர் நாக்கின் நுனியில் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் முன்னால் நகர்வதற்குள் அவள் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெரியவரின் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

“ஐயா, உங்க மகன் செத்துட்டாரு. இவங்கதான் கூட இருந்து அடக்கம் பண்ணினாங்க. உங்கள விட்டுட்டு எங்கயும் போகல. எடம் எனக்குத் தெரியும், நான் கூட்டிட்டுப் போறேன்.”

பெரியவர் அவள் வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு அழ ஆரம்பித்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் சாவியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.